அக்காவின் பங்கு எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கனடாவில் இருக்கிற ஒரு தங்கச்சி, ஐந்து சகோதரங்களில் கடைசி. மூத்த அக்காவுக்கு இப்போது 63 வயது, கலியாணம் கட்டவில்லை. தகப்பன் 1991இல் செத்தபிறகு மற்ற நாலு பேரையும் வளர்த்து ஆளாக்கினது அக்காதான். நடுவிலக்காவுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, மற்ற மூவரும் வெளிநாடு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் படுக்கையோடு இருக்கிற 88 வயது அம்மாவை இப்போதும் அக்காதான் பார்க்கிறா. வீடு அம்மாவின் சீதன வீடு. அம்மாவுக்குப் பிறகு அதை விற்றுச் சமமாகப் பிரிப்போம் என்று அண்ணன்மார் பேசத் தொடங்கிவிட்டார்கள். "அக்கா செய்தது தியாகம். அதற்குப் பலன் கேட்பது சரியா? கேட்காவிட்டால் கிடைக்குமா? வள்ளுவரே கைம்மாறு வேண்டாம் என்றுதானே சொன்னார் என்கிறார் பெரியண்ணா" என்று கேட்கிறார் தங்கச்சி.

நான் யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, அதாவது பத்திரம், எழுதுகிற ஒரு நொத்தாரிசு கந்தோரில் 34 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெளியே வராத குடும்ப விசயம், உறுதி எழுத வந்து குந்தின இடத்தில் வந்துவிடும். அப்படிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: கேட்காவிட்டால் கிடைக்காது. கேட்டாலும் பாதிதான் கிடைக்கும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் பெரியண்ணாவின் குறள். அதைக் கந்தோரில் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உதவி வாங்கினவர் வாயிலிருந்துதான். 211ஆவது குறள் அது. மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்கிறது, ஒப்புரவு செய்கிறவர்களும் அப்படித்தான், கைம்மாறு பார்ப்பதில்லை என்கிறது. சரி. ஆனால் அது கொடுக்கிறவருக்குச் சொன்னது. வாங்கினவருக்கு வள்ளுவர் தனியாக ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், செய்ந்நன்றி அறிதல், 101 முதல் 110 வரை. தினையளவு செய்த உதவியையும் பனையளவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று 104இல் வருகிறது. (பனை எவ்வளவு உயரம் என்று யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.) அக்கா 211ஐ நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம், அது அவவின் பெருந்தன்மை. அண்ணாவுக்கு எழுதினது 104. அதை விட்டுவிட்டு அக்காவுக்குரிய குறளை அண்ணா படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தியாகம் என்ற சொல்லை எங்கள் ஊரில் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என்று ஏறத்தாழ 70 பேர் செத்தார்கள். ஓடித் தப்பியிருக்கக் கூடியவர்கள் கடமையில் நின்றார்கள். அடுத்த நாள் காலை, உள்ளே உயிரோடு கிடந்தவர்களைக் காப்பாற்றத் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு வந்த வைத்தியர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டார்கள். வருடா வருடம் ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிறார்கள். அதைத் தவிர அவர்களுக்கு நாங்கள் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை, நியாயம் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர. அந்தக் கணக்கை எந்த உறுதியிலும் எழுதித் தீர்க்க முடியாது. ஆனால் உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறா. காலையில் எழும்பி அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிறா. இங்கே தீர்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதை விளக்கேற்றுகிற கணக்கோடு சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட அக்காமார் எங்கள் ஊரில் ஒன்றிரண்டு பேர் இல்லை. 1983க்குப் பிறகு பொடியன்கள் ஒன்றில் ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கொழும்பு வழியாக வெளிக்கிட்டார்கள். ஊரில் மாப்பிள்ளை குறைந்தது. வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கச் சீதனமும், மாப்பிள்ளை வீட்டுக்குக் காசாகக் கொடுக்கிற டொனேசனும் ஏறின. ஒரு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால், எந்தப் பிள்ளைக்கு முதலில் சாதகம் பொருந்துகிறதோ அந்தப் பிள்ளைக்கு இருக்கிற காணியை எழுதினார்கள். மூத்தவளுக்குச் செவ்வாய் என்றால் அவளுக்கென்று வைத்திருந்த நாலு பரப்புக் காணியும் இளையவளின் சீதன உறுதிக்குள் போய்விடும். 1995 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமப் பகுதி முழுவதும் போரில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, பல குடும்பங்களில் தாயையும் சின்னனுகளையும் இழுத்துக்கொண்டு போனது இந்த மூத்தவள்தான். திரும்பி வந்து கூரை போட்டு முடிக்க அவளுக்கு முப்பத்தைந்து, நாற்பது. அதற்குப் பிறகு ஊர் ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தது: "அவவுக்குக் கலியாணத்தில விருப்பமில்லை."

இந்த வசனத்தில் எனக்குக் கோபம் உண்டு. விருப்பமில்லாமல் இருந்தவர்களும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் கேட்டுப் பார்த்துச் சொன்ன வசனம் இல்லை இது. ஒருத்தி விட்டுக்கொடுத்ததை அவளுடைய சுபாவம் என்று மாற்றிவிட்டால் மற்றவர்களுக்குக் கடன் இல்லாமல் போய்விடுகிறது. சுபாவத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அதே காலத்தில் இன்னொரு தியாகமும் நடந்தது, அதையும் குறைத்துச் சொல்லக்கூடாது. சுவிசுக்கோ ஜேர்மனிக்கோ முதலில் போன அண்ணன், உணவுக்கடையில் கோப்பை கழுவி, மூன்று பேர் ஒரு அறையில் படுத்து, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றுகிற உண்டியலில் காசு அனுப்பித் தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு நாற்பது வயதில் கலியாணம் கட்டினான். அவனுக்கு ஊரில் பெயர் உண்டு. கோயில் திருவிழாவில் மரியாதை உண்டு. ஏனென்றால் அவன் கொடுத்தது எண்ணக்கூடியது. இந்த மாதம் இவ்வளவு, சீதனத்துக்கு இவ்வளவு, கிணறு கட்ட இவ்வளவு. அக்கா கொடுத்தது அடுப்படியிலும் ஆஸ்பத்திரி வாங்கிலும் போனது, அதற்கு ரசீது இல்லை. தியாகத்துக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதன் அளவைப் பொறுத்து இல்லை, எண்ண முடியுமா என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. என் கந்தோர் அனுபவத்தில் நான் கண்டது இது ஒன்றுதான்.

சட்டமும் இதைத்தான் செய்கிறது. எங்களுக்குத் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக, அதாவது நிர்வாகியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி, ஊர்ப் பெரியவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டு, 1707இல் வந்தது. அதில் ஒரு விதி உண்டு: கலியாணம் கட்டாத மகன் சம்பாதித்ததெல்லாம் தாய் தகப்பனின் பொதுச் சொத்தோடு சேர வேண்டும், அவன் உடம்பில் போட்டிருக்கிற நகை மட்டும் அவனுக்கு. முந்நூறு வருடத்துக்கு முன்னமே, கட்டாமல் இருக்கிறவனின் உழைப்பு வீட்டுக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் தியாகம் என்கிறதை அவர்கள் சாதாரண ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள்.

சொத்துக்கு எங்களிடம் மூன்று பெட்டி. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம், பெண்ணோடு வந்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு புருசன் பெண்சாதி உழைத்து வாங்கினது தேடியதேட்டம். இந்த மூன்றாவது பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டமும் 1947இல் வந்த திருத்தமும் சொல்கிறபடி, புருசன் தன் பெயரில் மட்டும் எழுதி வாங்கின காணி என்றாலும் அது தேடியதேட்டம் என்றால், அவர் செத்தபிறகு பாதி பெண்சாதிக்கு. அவ ஒரு சதம் உழைக்காமல் சமைத்துப் பிள்ளை வளர்த்திருந்தாலும் பாதி. அதாவது அடுப்படி வேலைக்கு விலை உண்டு, அது பாதி வரைக்கும் போகும் என்று சட்டத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே சமையலை, அதே பிள்ளை வளர்ப்பை, அதே வீட்டில் ஒரு அக்கா செய்தால் அது எந்தப் பெட்டிக்குள்ளும் விழாது. தாலி இருந்தால் பாதி, இல்லாவிட்டால் பூச்சியம்.

மற்றச் சட்டங்களும் அப்படித்தான். 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் கேட்கலாம். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டத்தில் தாய் தகப்பன் பிள்ளைகளிடம் கேட்கலாம். வளர்த்த அக்கா தம்பியிடம் கேட்க ஒரு வாசலும் இல்லை. கந்தோரிலோ கடையிலோ வேலை செய்திருந்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று முதலாளி 12 வீதமும் அவ 8 வீதமும் போட்டு ஏதாவது சேர்ந்திருக்கும். வீட்டு வேலைக்கு முதலாளி யார்? அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவுக்கும் 70 வயது வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே அம்மா ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடினால் நடக்கப்போவது இதுதான். வீடு பிள்ளைகளுக்குப் பிரிபடாத சம பங்காக இறங்கும். (சீதனம் வாங்கிப் போன நடுவிலக்காவுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது தனிப் பிரச்சினை, அதை ஒரு சட்டத்தரணியிடம் உறுதிகளைக் காட்டிக் கேளுங்கள்.) பிரிபடாத பங்கை யாரும் விற்கலாம். பங்கு வழக்குப் போட்டு நீதிமன்றத்தின் மூலம் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். தேசவழமைப்படி கூட்டுரிமைக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டுதான், ஆனால் வாங்க அக்காவிடம் காசு எங்கே? சமமாகப் பிரித்தோம், ஒருவரையும் ஏமாற்றவில்லை என்று அண்ணன்மார் மனநிறைவோடு விமானம் ஏறலாம். ஒன்றுபோல் பிரித்தார்கள் என்பது உண்மை. அக்கா அறுபத்தைந்து வயதில் வாடகைக்கு அறை தேடுவா என்பதும் உண்மை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்தபிறகு வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். மூன்று அண்ணன் தம்பிகள், ஐம்பதை ஒட்டின ஒரு அக்கா. வீட்டை மூத்த தம்பியின் மகளுக்கு எழுதுவதாகப் பேசி முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா கையில் தடித்த மட்டை போட்ட ஒரு பழைய சீஆர் கொப்பி. பழைய உறுதியின் இலக்கம் அதன் மட்டையில் குறித்திருந்ததால் கொண்டுவந்தா, வேறு ஒன்றுக்கும் இல்லை. நொத்தாரிசு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மேசையில் வைத்தார். காணியின் எல்லைகளை அவர் வாசித்துக்கொண்டிருக்க, நடுத்தம்பி சும்மா அதைப் பிரட்டினார்.

தகப்பன் செத்த நாளிலிருந்து எழுதின வீட்டுக் கணக்கு. எனக்கும் எட்டிப் பார்க்கத் தெரிந்தது. பெரியவன் ஏஜென்சிக்கு, சங்கிலி அடைவு, இவ்வளவு. நடுவிலான் ரியூசன். சின்னவன் கண்ணாடி. பெரியவன் சப்பாத்து. அம்மா மருந்து. அடைவு வட்டி. திரும்ப அடைவு வட்டி. பத்துப் பதினைந்து பக்கம் பிரட்டினபிறகு தம்பி கேட்டார், "அக்கா, இதில உனக்கெண்டு ஒண்டும் இல்லையே?"

அக்கா எட்டிப் பார்த்தா. "ஏன் இல்லை? செருப்பு எண்டு ஒண்டு போட்டிருக்கிறன், வடிவாப் பார்" என்றா.

அவ பகிடி விடவில்லை. கணக்குச் சரியில்லை என்று தம்பி சொல்வதாக நினைத்துத்தான் பதில் சொன்னா. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்கு வருகிறோம் என்று எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் வந்தபோது உறுதியில் ஒரு வசனம் கூடியிருந்தது: அக்காவுக்குச் சீவிய உரித்து.

இங்கே முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் நான் பாதி என்று சொன்னது இதைத்தான். சீவிய உரித்து என்றால் சாகும்வரை இருக்கலாம், அனுபவிக்கலாம், ஒருவரும் எழுப்ப முடியாது. ஆனால் உரிமைக்காரி வேறு. சில வருடங்களுக்குப் பிறகு அந்த அக்கா கந்தோருக்கு வந்து, ஓடு மாற்றுவதற்குப் பாரிசில் இருக்கிற தம்பியின் மகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது, அவளுக்குப் போன் எடுத்தால் தமிழ் சரியாக விளங்குதில்லை, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ தம்பி என்று கேட்டா. எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கே முழு உரிமையாக எழுதியிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் சின்னத்தம்பியைக் கேட்டபோது, "எழுதினால் அவ கோயிலுக்குக் குடுத்திடுவா, அண்ணை" என்றார். கொடுத்தால் என்ன? அவவின் வீடு. தன் சொத்தைத் தானே தொலைக்கிற உரிமை சேர்ந்ததுதானே உரிமை.

மற்றவர் குற்றத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது நியாயமில்லை. என் அண்ணர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவர். இலை நனைத்துச் சுருட்டிச் சுருட்டி அவரது விரல் நுனிகள் கடைசிவரை மண்ணிறமாகவே இருந்தன. அந்தக் காசில்தான் நான் படித்தேன், கந்தோர் வேலைக்கு வந்தேன். வருடப்பிறப்புக்கு வேட்டி கொடுப்பேன், தீபாவளிக்கு ஏதாவது கையில் வைப்பேன். அவர் வாங்கும்போது ஒருதரம் வேண்டாம் என்பார், பிறகு வாங்குவார். அவர் செத்தபோது அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தேன். 24 பக்கம், கலர் மட்டை, 300 பிரதி. "தன்னலம் கருதாத் தியாகச் சுடர்" என்று வெண்பா எழுதிக் கொடுத்தவரும் நல்ல கெட்டிக்காரர். அச்சகத்துக்குக் காசு கட்டிவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் உறைத்தது, உயிரோடு இருந்த எந்த ஒரு வருடத்திலும் அவருக்கு இவ்வளவு காசு நான் கொடுக்கவில்லை.

மரண அறிவித்தல்களை வாசித்துப் பாருங்கள். கட்டின பெண்ணுக்கு அன்பு மனைவியும், பாசமிகு தாயும், மாமியும், அம்மம்மாவும் என்று ஐந்தாறு வரி. கட்டாதவளுக்குப் பாசமிகு சகோதரியும், அன்புப் பெரியம்மாவும் என்று இரண்டு வரி, மிச்ச இடத்தைப் படம் நிரப்பும். உங்கள் அக்காவுக்கும் ஒரு நாள் அண்ணன்மார் நல்ல கல்வெட்டு அடிப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இப்போது செய்யக்கூடியது. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வீடு அம்மாவின் பெயரில் இருக்கும்போதே, அம்மா அக்காவுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அம்மா தனக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளட்டும், உரிமை அக்காவுக்குப் போகட்டும். காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், இது 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். அம்மாவால் கந்தோருக்கு வர முடியாவிட்டால் நொத்தாரிசை வீட்டுக்குக் கூப்பிடலாம். அம்மா தெளிவாக இருக்கிறா என்று ஒரு வைத்தியரின் கடிதம் எடுத்து வைத்தால் பிறகு வாய் திறக்கிறவர்களுக்குக் காட்டப் பயன்படும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்த்து வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். அம்மா சம்மதித்தால் போதும், சட்டப்படி உங்கள் கையெழுத்துத் தேவையில்லை. ஆனாலும் அண்ணன்மாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒளித்துச் செய்ததாக வரக்கூடாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது செய்வோம் என்று ஒத்திப் போடாதீர்கள். அந்த நாட்களில் ஒரு கந்தோரிலும் நிற்க இடமிருக்காது, 88 வயதும் திருவிழாவுக்காகக் காத்திருக்காது.

வீடு மட்டும் போதாது. அக்காவின் பெயரில் வங்கியில் ஒரு கணக்கு, மாதாமாதம் கேட்காமலே போய் விழுகிற ஒரு தொகை. அம்மாவின் மருந்துச் செலவோடு சேர்த்து அனுப்பாதீர்கள், சேர்த்து அனுப்பினால் அதுவும் மருந்தாகவே போய்விடும்.

பலன் கேட்பது சரியா என்று கேட்டீர்கள். அக்கா கேட்கமாட்டா, அவவுக்குப் பழக்கமில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் அவவிடம், அவவுக்கு என்ன வேண்டும் என்று. எல்லோரும் சேர்ந்து வீடியோவில் கதைக்கிற நேரத்தில் கேட்காதீர்கள், எல்லார் முன்னாலும் அவவால் ஒன்றும் சொல்ல முடியாது. தனியாக எடுங்கள், அம்மா நித்திரையான பிறகு. "எனக்கென்னத்துக்குப் பிள்ளை, நீங்கள் எல்லாரும் நல்லா இருந்தால் காணும்" என்பா. அது பதில் இல்லை, வாய்ப்பழக்கம். அடுத்த கிழமை திரும்பக் கேளுங்கள். கோபிப்பா. மூன்றாவது தடவையும் கேளுங்கள்.